லேத் இல்லாமல் பிஸ்டன் சீல்: ஒன்று கசிகிறது, இல்லையென்றால் இறுகிக்கொள்கிறது

அரைகுறைத்தச்சன்:

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், யாராவது கை கொடுங்கள். தெளிப்பான் தொட்டிக்குக் காற்றேற்ற ஒரு கை பம்ப் செய்துகொண்டிருக்கிறேன். 38 மிமீ உள்விட்டம் உள்ள பித்தளைக் குழாய், 300 மிமீ நீளம், உள்ளே பார்க்க வழவழவென்றுதான் இருக்கிறது. லேத் கிடையாது, அதை வைத்திருக்கும் நண்பரும் கிடையாது. ஹேக்ஸா, நாலைந்து அரம், ஒரு சாதாரண மின் டிரில், வைஸ், உப்புத்தாள், இவ்வளவுதான் என் பட்டறை.

மரத்தில் பிஸ்டன் செய்து, சுற்றிலும் அரத்தால் பள்ளம் எடுத்து, காற்று கசியாமல் அடைக்கும் சீலாக ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாட்டினேன். பள்ளம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேடாகவும் வந்துவிட்டது. ஆழமான பக்கம் காற்று சீறுகிறது, மேடான பக்கம் ஓ ரிங் நசுங்கி பிஸ்டன் நகர மறுக்கிறது. இரண்டு கெடுதலும் ஒரே பிஸ்டனில்! கிரீஸ் தடவினால் பத்துத் தடவை அழகாக ஓடும், அப்புறம் பழைய கதைதான். மரத்தை மாற்றி அலுமினியத்தில் செய்து பார்த்தேன், இன்னும் மோசம். 3 பார் காற்றழுத்தம் வரை ஏற்ற வேண்டும். வழி இருக்கிறதா, இல்லை மூட்டை கட்டிவிடலாமா?

துருப்பிடித்தவன்:

மூட்டை கட்ட வேண்டாம். ஆனால் பிஸ்டனை வட்டமாக்கும் வேலையை இன்றோடு நிறுத்துங்கள். அரத்தால் குழாய்க்குப் பொருந்துகிற வட்டம் செய்வது நல்ல ஃபிட்டருக்கே வேர்த்துவிடும் வேலை. உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல வட்டம் இருக்கிறது, அந்தக் குழாய்தான். சீலை நீங்கள் வடிவமைக்காதீர்கள், குழாய் வடிவமைக்கட்டும். அதாவது குழாயையே அச்சாக வைத்து அதற்குள் உருவாகிற ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். தோல் கப், சுற்றிய நூல், உள்ளேயே வார்த்த பிஸ்டன் என்று எதுவானாலும் சரி. பிஸ்டன் உடம்பு ஒரு மில்லிமீட்டர் சின்னதாக, கோணலாகக்கூட இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் வேலைக்குத் தோல் கப் வாஷர்தான், அதாவது கிண்ணம் போல் குழித்த தோல் வட்டம். பழைய சைக்கிள் பம்பைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே இருப்பது அதுதான்.

கணக்கப்பிள்ளை:

சீலுக்கு முன்னால் ஒரு கணக்கு. 38 மிமீ விட்டம் என்றால் பரப்பு 11.3 சதுர செமீ. 3 பாரில் அதன் மேல் வரும் விசை 340 நியூட்டன், அதாவது கைப்பிடியில் சுமார் 35 கிலோ எடையை வைத்து அழுத்துவது போல. உரசல் தனி. ஒரு தடவை முடியும், ஐம்பது தடவை? 2 பார் போதுமென்றால் 23 கிலோ, நின்றுகொண்டு உடல் எடையைப் போட்டு அழுத்தலாம். 3 பார்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால் 25 மிமீ குழாய்க்கு மாறுங்கள், அதில் 15 கிலோதான். சைக்கிள் பம்ப் ஏன் ஒல்லியாக இருக்கிறது என்பதற்கும் காரணம் இதுவே.

இன்னொன்று. இடைவெளி வழியாகக் கசியும் காற்று அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறும். இடைவெளியைப் பாதியாக்கினால் கசிவு எட்டில் ஒரு பங்காகிவிடும். பிஸ்டன் நீளத்தை இரண்டு மடங்காக்கினாலோ கசிவு பாதிதான் குறையும். ஆகவே "பிஸ்டனை நீளமாக்கிவிட்டால் கசியாது" என்று யாராவது இங்கே வந்து சொன்னால் நம்பாதீர்கள். நீளம் வேண்டும்தான், ஆனால் அது பிஸ்டன் நேராக ஓடுவதற்கு.

அரைகுறைத்தச்சன்:

35 கிலோவா! இதை நான் யோசிக்கவே இல்லை. 2 பார் போதும், தெளிப்பானுக்கு அதுவே தாராளம். குழாயை மாற்ற மனமில்லை, பார்த்துப் பார்த்துத் தேடியெடுத்த குழாய்.

நேர்கோடு:

ஓ ரிங் இருக்கும் காலத்தில் தோலா? தோல் காயும், சுருங்கும், பூஞ்சை பிடிக்கும். உங்கள் பிரச்சினை ஓ ரிங் இல்லை, அது உட்கார்ந்த பள்ளம். பள்ளத்தை வெட்டாதீர்கள், அடுக்குங்கள்.

மூன்று வட்டத் தகடுகள். இரண்டு பெரிது, நடுவில் ஒன்று சிறியது, மூன்றையும் ஒரே போல்ட்டில் கோத்து நட்டால் இறுக்கினால் பள்ளம் தானாக வந்துவிடும். நடுத் தகட்டின் கனம்தான் பள்ளத்தின் அகலம், அதன் விட்டம்தான் ஆழம். ரிங் கம்பியின் கனம் 3.5 மிமீ என்று வைத்துக்கொள்வோம். நகரும் சீலுக்கு நசுக்கம் 10 முதல் 15 சதவீதம் போதும், எனவே நடுத் தகட்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே 3.1 மிமீ விட வேண்டும். 38இல் இருந்து இரண்டு பக்கமும் 3.1 கழித்தால் நடுத் தகடு 31.8 மிமீ. அகலம் கம்பிக் கனத்தைப் போல் 1.3 முதல் 1.4 மடங்கு, சுமார் 4.7 மிமீ. ரிங் நசுங்கும்போது பக்கவாட்டில் போக இடம் வேண்டுமே. பள்ளம் முழுக்க ரிங் அடைத்துக்கொண்டு நின்றால் அது சீல் இல்லை, பிரேக்!

தகட்டை வட்டமாக்க லேத் வேண்டியதில்லை. ஹேக்ஸாவால் எண்கோணமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, போல்ட்டில் மாட்டி, டிரிலை வைஸில் கட்டி ஓடவிட்டு அரத்தைப் பிடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அரத்துக்குக் கைப்பிடி இருக்கட்டும், தளர்ந்த சட்டைக்கை வேண்டாம்.

துருப்பிடித்தவன்:

நேர்கோடு சொல்லும் அடுக்குப் பள்ளம் நல்ல வழிதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் குழாய் வட்டமாக இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? கடையில் வாங்கிய குழாய்க்கு 0.2 மிமீ கோணல் சர்வசாதாரணம். உங்கள் 10 சதவீத நசுக்கம் மொத்தமே 0.4 மிமீதான், அதில் பாதியைக் குழாயே தின்றுவிடும். தோல் கப்பின் உதடு, அதாவது அதன் நிமிர்ந்த விளிம்பு, ஒரு மில்லிமீட்டர் கூட விரிந்து கொடுக்கும். தவிர, தோல் அப்படியொன்றும் தாழ்ந்த சாதனம் இல்லை. பிராமா என்ற ஆங்கிலேயர் 1795இல் காப்புரிமை வாங்கிய நீரழுத்த எந்திரம் உருப்படியாக வேலை செய்ததே தோல் கப்பால்தான். கிறிஸ்டென்சன் என்பவர் ஓ ரிங் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1937இல். நடுவில் இருந்த 140 வருடம் உலகம் பெரும்பாலும் தோலையும் சணலையும் வைத்துத்தான் சமாளித்தது.

நேர்கோடு:

நடுவில் ராம்ஸ்பாட்டம் என்பவரின் உலோகப் பிஸ்டன் ரிங் 1850களிலேயே வந்துவிட்டது, அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்கள் அண்ணே.

துருப்பிடித்தவன்:

வந்தது. அதைச் செய்ய லேத் வேண்டும். தலைப்பைப் படியுங்கள் தம்பி.

நூல்கண்டு:

சண்டை ஓடட்டும், நான் நடுவில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அரைகுறைத்தச்சன், அந்தக் கோணல் பள்ளம் உள்ள மரப் பிஸ்டனைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் அதில் பருத்தி நூலைச் சுற்றுங்கள். தீப்பிஸ்டன் என்று ஒரு பழைய கருவி உண்டு. மூடிய துளைக்குள் ஒரு தண்டை வேகமாகக் குத்தினால் உள்ளே காற்று இறுகிச் சூடேறி, நுனியில் வைத்த பஞ்சு கனலும். மரத்திலும் கொம்பிலும் செய்தார்கள். அதன் சீல் என்ன தெரியுமா? தண்டின் பள்ளத்தில் சுற்றிய நூல், அதன் மேல் கொழுப்பு. அவ்வளவுதான். நூலுக்குப் பள்ளம் நேராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, ஆழமான பக்கம் அதிகம் போகும், மேடான பக்கம் குறைவாகப் போகும்.

கிரீஸில் ஊறிய நூலை நெருக்கமாகச் சுற்றி, குழாய்க்குள் திருகித் திருகி நுழைக்கும் அளவு வந்ததும் நிறுத்துங்கள். தளர்ந்தால் இன்னும் நாலு சுற்று. பத்து நிமிட வேலை.

அரைகுறைத்தச்சன்:

நூல்கண்டு, நேற்று இரவே செய்தேன். தூக்கிப் போட்ட பிஸ்டனைத் திரும்ப எடுத்துவந்து சுற்றினேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் காற்று தொட்டிக்குள் போனது! மானியில் 0.6 பார் வரை ஏறியது, அதற்கு மேல் சுற்றிலும் கசிகிறது, அழுத்தவும் கடினமாக இருக்கிறது. ஆனாலும் வழி இருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிட்டது.

தோலையும் விடவில்லை. பழைய கைப்பையிலிருந்து வட்டமாக வெட்டி, நனைத்து, குழாய்க்குள் ஒரு கட்டையால் அழுத்தி வைத்தேன். காலையில் எடுத்தால் கப் மாதிரி இருந்தது, மதியத்துக்குள் அப்பளம் மாதிரி விரிந்துவிட்டது. என்ன தப்பு?

துருப்பிடித்தவன்:

கைப்பை, காலணி மேல்தோல் எல்லாம் பெரும்பாலும் குரோம் பதனிட்ட தோல். மென்மையாக இருக்கும், வளையும், ஆனால் நனைத்து உருவம் கொடுத்தால் நிற்காது. உங்களுக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். பழைய இடுப்புப் பட்டை, செருப்பின் அடித்தோல் இவற்றில் கிடைக்கும். சாயம் பூசாத பட்டைத் தோலை நனைத்தால் நிறம் சட்டென்று கறுக்கும், விரலால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். அந்தத் தடம் நிற்கும் குணம்தான் நமக்கு வேண்டும்.

இனி செய்முறை, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 2.5 மிமீ கனமுள்ள தோல் எடுங்கள். உதடு 8 மிமீ உயரம் வேண்டும், அதனால் வட்டம் 38உடன் இரண்டு பக்கமும் 8 சேர்த்து 54, நான் 56ஆகவே வெட்டிவிட்டுப் பிறகு சீவிக்கொள்வேன். நடுவில் போல்ட் துளையை முதலிலேயே போட்டுவிடுங்கள், வட்டம் நகராமல் இருக்க அதுவே பிடிமானம். வெதுவெதுப்பான நீரில் குமிழி வருவது நிற்கும்வரை ஊறப்போடுங்கள். சூடான நீர் வேண்டவே வேண்டாம், நனைந்த பட்டைத் தோல் 75 டிகிரி வாக்கில் சுருண்டு மரக்கட்டையாகிவிடும். அதே காரணத்துக்காக அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைக்கவும் கூடாது.

அச்சு உங்கள் குழாய்தான். 300இல் 40 மிமீ வெட்டிக் கொடுக்க மனம் வந்தால் வெட்டுங்கள், வரவில்லை என்றால் குழாயின் ஒரு முனையையே பயன்படுத்துங்கள். உள்ளே போகும் கட்டை 38இல் இருந்து இரண்டு பக்கத் தோலையும் கழித்து 33 மிமீ. கட்டையின் விளிம்பைக் கட்டாயம் உருட்டுங்கள், கூர்மையாக விட்டால் மடிப்பில் தோல் வெட்டுப்பட்டு ஒரு மாதத்தில் அங்கேதான் கிழியும். வைஸில் வைத்து மெதுவாக, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு இறக்குங்கள். சுருக்கம் விழுந்தால் வெளியே எடுத்து, விரலால் நீவி, மறுபடி இறக்குங்கள். வழுவழுப்பான பக்கம் குழாய்ச் சுவரைத் தொட வேண்டுமா, சொரசொரப்பான பக்கமா என்று எப்போதும் ஒரு சண்டை நடக்கும். நான் வழுவழுப்பான பக்கத்தை வெளியே வைப்பவன்.

நிழலில் இரண்டு நாள் அச்சிலேயே இருக்கட்டும். வெளியே எடுத்ததும் கட்டையோடு சேர்த்துப் பிடித்து பிளேடால் உதட்டைச் சமமாகச் சீவி, உள்பக்க விளிம்பைச் சாய்வாகச் செதுக்குங்கள். நுனி மெல்லியதாக இருந்தால்தான் குறைந்த அழுத்தத்திலேயே விரியும். பிறகு விளக்கெண்ணெயில் ஓர் இரவு ஊறட்டும். ஆளி விதை எண்ணெய் வேண்டாம், அது காய்ந்து பிசினாகிவிடும்.

நேர்கோடு:

சரி, ஒப்புக்கொள்கிறேன், எழுதியிருப்பது ஆசையைக் கிளப்புகிறது.

அரைகுறைத்தச்சன்:

கப்பின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? மாட்டுவது எப்படி?

துருப்பிடித்தவன்:

அழுத்தம் வரும் பக்கம் வாய். அழுத்தம் உள்ளே புகுந்து உதட்டைச் சுவரோடு ஒட்டவைக்கும், அழுத்தம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். அதனால்தான் ஆரம்பத்தில் இறுக்கமே தேவையில்லை. திரும்ப இழுக்கும்போது உதடு சுவரை விட்டு விலகி மேலே இருக்கும் காற்றைக் கீழே விடும். ஆக, உள்ளிழுக்கும் வால்வும் அதே கப்தான், நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். தொட்டிப் பக்கம், காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு திரும்பா வால்வு இருந்தால் போதும்.

முன்னால் ஒரு தகடு, பின்னால் ஒரு தகடு. முன் தகடு கப்புக்குள் உட்காரும், 30 மிமீ இருக்கட்டும், உதடு அசைய இடம் வேண்டும். கொஞ்சம் கனமான தகடாகப் போட்டால் கப்புக்குள் வீணாகத் தங்கும் காற்றும் குறையும். பின் தகடு 37 மிமீ, அது தோலின் குதிகாலை, அதாவது மடிப்பு மூலையை, தாங்கும், அது சின்னதாக இருந்தால் அழுத்தத்தில் தோல் பின்பக்கம் பிதுங்கும். போல்ட்டை மூச்சுப்பிடித்து இறுக்காதீர்கள். தோல் நசுங்கி வெளியே பிதுங்கி, செய்த வட்டமெல்லாம் போச்சு.

அனல்காற்று:

இந்த உரையாடல் இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தலைவலி, ஆனால் நேரெதிர்த் திசையில். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி ஓடும் சின்ன ஸ்டெர்லிங் எந்திரம் செய்கிறேன், 20 மிமீ கண்ணாடிக் குழாய். தோல் கப் போட்டேன், நன்றாக அடைக்கிறது, எந்திரம்தான் சுற்றமாட்டேன் என்கிறது. ஓ ரிங் போட்டேன், அசையக்கூட இல்லை. என்ன செய்யலாம்?

கணக்கப்பிள்ளை:

உங்கள் எந்திரத்தில் அழுத்த வேறுபாடு 0.1 பார் இருந்தாலே பெரிய விஷயம். 20 மிமீ விட்டத்துக்கு அது தரும் விசை 3 நியூட்டன், 300 கிராம் எடை அளவு. ஒரு ஓ ரிங்கின் உரசலே அதைத் தின்றுவிடும். உங்களுக்குத் தொடாத சீல்தான் வேண்டும், அதாவது மெல்லிய இடைவெளி. எவ்வளவு மெல்லிது என்று பாருங்கள். 20 மிமீ நீளப் பிஸ்டன், சுற்றிலும் 0.05 மிமீ இடைவெளி, 0.1 பார் என்றால் வினாடிக்கு 18 சிசி காற்று ஓடிவிடும், எந்திரம் படுத்துவிடும். அதே இடைவெளி 0.01 மிமீ என்றால் வினாடிக்கு 0.15 சிசி கூட இல்லை. பிஸ்டன் நடுவில் நிற்காமல் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து ஓடினால் இந்தக் கணக்கு இரண்டரை மடங்கு வரை போகும்.

தலைமுடியின் கனமே சுமார் 0.07 மிமீ. அரமும் உப்புத்தாளும் வைத்து 0.01 மிமீ பிடிப்பது கனவு.

துருப்பிடித்தவன்:

நீராவி எந்திரம் செய்த ஜேம்ஸ் வாட்டுக்கே அது கனவாகத்தான் இருந்தது. அவருக்கு முன்னால் நீராவி எந்திரம் செய்த நியூகாமன் 1712இல் பிஸ்டன் விளிம்பில் தோலை வைத்து, அதன் மேல் தண்ணீரை ஊற்றி நிறுத்திக் கசிவை அடைத்துவிட்டார். பிஸ்டனுக்கு மேலே திறந்த வெளி, குளிர்ந்த உருளை, அதனால் முடிந்தது. வாட் உருளையை எப்போதும் சூடாக வைக்கவேண்டும் என்றார், மேலே தண்ணீர் ஊற்ற வழியில்லாமல் போயிற்று. சணல், கொழுப்பு என்று என்னென்னவோ திணித்துப் பார்த்தார். கடைசியில் 1774இல் வில்கின்சன் என்ற இரும்பு ஆலைக்காரர் பீரங்கி துளைக்கக் கண்டுபிடித்த எந்திரத்தால் உருளையைக் குடைந்து கொடுத்த பிறகுதான் ஆள் நிம்மதியானார். உங்களிடம் வில்கின்சன் இல்லை, ஆனால் எபாக்சி (இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) இருக்கிறது. பிஸ்டனை அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே ஊற்றி வார்த்துவிடுங்கள்.

அனல்காற்று:

வார்த்தேன். இப்போது குழாயும் பிஸ்டனும் பிரிக்க முடியாத ஒரே உடம்பு. சிரிக்காதீர்கள்.

துருப்பிடித்தவன்:

சிரிக்கவில்லை, என்னிடமும் அப்படி ஒன்று மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது. மெழுகு போட்டீர்களா? ஒரு தடவை போட்டால் போதாது. தரைக்குப் போடும் கெட்டி மெழுகை மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, துணியால் பளபளக்கத் துடைத்து, இதையே மூன்று நான்கு தடவை. எங்காவது குண்டூசி முனை அளவு விட்டுப்போனாலும் எபாக்சி அங்கே பிடித்துக்கொள்ளும். எபாக்சியில் கிராஃபைட் தூள் கலந்தால் வழுக்கல் கிடைக்கும், கலவை கூழ் பதத்தைத் தாண்டிக் கெட்டியாகிவிடக் கூடாது. நடுவில் கம்பியை நிறுத்த இரண்டு பக்கமும் அட்டை வட்டம் வையுங்கள். குமிழி மேலே வர நேரம் கொடுங்கள், அவசரக்கார ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம்.

கணக்கப்பிள்ளை:

பிரிப்பதற்கு உறைபெட்டியை நம்பலாம். எபாக்சி டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 55 பங்கு அளவில் சுருங்கும், சாதாரணக் கண்ணாடி 9 பங்கு. 25 டிகிரியிலிருந்து மைனஸ் 15க்குப் போனால் 20 மிமீ பிஸ்டன் குழாயைவிட 0.037 மிமீ அதிகமாகச் சுருங்கும். மெழுகு ஒழுங்காக இருந்தால் மெல்லத் தட்டினாலே வெளியே வரும்.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. எந்திரம் ஓடிச் சூடேறினால் இதே கணக்கு தலைகீழாகும், பிஸ்டன் பெருத்துக் குழாயைக் கவ்வும். அதனால் எந்தச் சூட்டில் ஓடப்போகிறதோ அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் வைத்து எபாக்சியை இறுகவிடுங்கள். உருளை 45 டிகிரிக்குப் போகும் என்றால் 50இல். அறைச் சூட்டில் வார்த்துவிட்டு "காலையில் ஓடியது, பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது" என்று புலம்புவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இரவுப்பறவை:

குளியலறை மூட்டுகளை அடைக்கும் சிலிகான் பசையை ஊற்றி ஒரு பிஸ்டன் செய்தால் என்ன? மலிவாகக் கிடைக்குமே.

நேர்கோடு:

செய்யலாம், வருத்தப்படுவீர்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தால் வெளியிலிருந்து உள்ளே இறுகுவது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மிமீதான் இறுகும், மூடிய குழாய்க்குள் நடுப்பகுதி வாரக்கணக்கில் பசையாகவே கிடக்கும். இறுகினாலும் சுவரோடு உரசும்போது வழுக்காது, சுலபமாகக் கிழியும். அசையாத மூட்டுக்கு அது ராஜா, ஓடும் பிஸ்டனுக்கு வேண்டாம்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரில் மினரல் எண்ணெய் கிரீஸ் பட்டால் ஊதிவிடும், இயற்கை ரப்பரும் அப்படியே. நைட்ரைல் ரப்பர் தாங்கும். சிலிகான் ரப்பருக்குச் சிலிகான் கிரீஸ் போடாதீர்கள், தன் இனத்தையே குடித்து வீங்கும்.

அரைகுறைத்தச்சன்:

பட்டைத் தோல் கிடைத்தது, பழைய இடுப்புப் பட்டை. அவ்வளவு அகலம் இல்லை, 56 மிமீ வட்டம் வரவில்லை, 50தான். உதடு 6 மிமீயோடு நின்றுவிட்டது. ஆனாலும் கப் வந்தது, நின்றது, அப்பளமாகவில்லை! மாட்டி அழுத்தினேன். 1.3 பார் வரை மெத்தென்று போனது. அப்புறம் ஒரு பக்கத்தில் மட்டும் "புஸ்" சத்தம். கப்பை அரைச் சுற்று திருப்பி மாட்டினாலும் அதே திசையில்தான் கசிகிறது, அதாவது குற்றம் தோலில் இல்லை. குழாயில் இருக்குமோ?

துருப்பிடித்தவன்:

கப்பைத் திருப்பிப் பார்த்தீர்களே, அதுதான் சரியான சோதனை, பலருக்குத் தோன்றாது. இரண்டு சந்தேகம். ஒன்று, குழாயில் நீளவாட்டில் கீறல். வெளிச்சத்தை ஒரு முனையில் வைத்து மறுமுனையிலிருந்து பாருங்கள். குறுக்குக் கீறல் கெடுதல் செய்யாது, எண்ணெயைத் தாங்கி நிற்கும். நீளக் கீறல் காற்றுக்குப் போட்ட கால்வாய். ஒரு கம்பின் நுனியைப் பிளந்து 400 எண் தாளைச் செருகி, எண்ணெய் விட்டு, டிரிலில் மெதுவாகச் சுற்றியபடியே முன்னும் பின்னும் ஓட்டுங்கள், பிறகு 800. முடித்ததும் சோப்பு நீரில், வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளிவரும்வரை கழுவ வேண்டும். இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு துகள் தோலில் பதிந்தால் கப்பே உப்புத்தாளாகி, நீங்கள் பம்ப் அடிக்க அடிக்கக் குழாயை அறுக்கும்.

இரண்டாவது சந்தேகம்தான் எனக்குப் பெரிது. தண்டு எப்படி ஓடுகிறது? மேல் மூடியில் வழிகாட்டித் துளை இருக்கிறதா, இல்லை தண்டு திறந்த வாயில் ஆடுகிறதா?

அரைகுறைத்தச்சன்:

...ஆடுகிறது. மூடியே போடவில்லை.

துருப்பிடித்தவன்:

பிடித்தோம். மனிதக் கை நேராக அழுத்தாது, எப்போதும் தன் பக்கம் சாய்த்துத்தான் அழுத்தும். பிஸ்டன் சாயும், எதிர்ப்பக்கம் உதடு தூக்கும். மேலே ஒரு மர மூடி, தண்டுக்குச் சிக்கென்ற துளை. பின் தகட்டுக்குப் பின்னால் ஒரு 40 மிமீ மரத் துண்டு, 37.5 விட்டம், எண்ணெயில் ஊறவைத்தது. தண்டு பிஸ்டனோடு சேருமிடத்தில் கொஞ்சம் தளர்ச்சி விடுங்கள், கை ஆடினாலும் பிஸ்டன் ஆடாது. மூடியில் காற்று உள்ளே வர ஒரு சின்ன ஓட்டை மறக்கவேண்டாம்.

கணக்கப்பிள்ளை:

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை, படிப்பவர்கள் எல்லாருக்கும். பித்தளைக் குழாய் சரி. பிவிசி குழாயில் இதைச் செய்து காற்றழுத்தம் ஏற்றாதீர்கள், உடைந்தால் கத்தி மாதிரிச் சிதறும், கண்ணாடியும் அப்படியே. புதுக் குழாயை முதலில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் சுருங்காது, கசிந்தால் சொட்டும், வெடிக்காது.

அனல்காற்று:

இரண்டாவது வார்ப்பு வெளியே வந்துவிட்டது! புதுக் குழாய், மெழுகு ஐந்து தடவை (பயத்தில்), சூடான அலமாரிக்குள் 50 டிகிரியில் ஒரு நாள், பிறகு உறைபெட்டி. மரக்கம்பால் தள்ளினேன், பொத்தென்று விழுந்தது. முதலில் இறுக்கமாகத்தான் ஓடியது. உலோகப் பாலிஷ் கொஞ்சம் தடவித் திருகித் திருகி ஓட்டி, நன்றாகக் கழுவி, கிராஃபைட் தூள் மட்டும் பூசினேன். எண்ணெய் போட்டால் ஒட்டிக்கொள்கிறது, காய்ந்தபடியே விட்டால்தான் நன்றாக ஓடுகிறது. குழாயை நிமிர்த்தி அடியை விரலால் மூடினால் பிஸ்டன் 10 செமீ இறங்க 11 வினாடி எடுக்கிறது, விரலை எடுத்தால் சடக்கென்று விழுகிறது. இது நல்லதா?

துருப்பிடித்தவன்:

நல்லதாவது? எந்திரத்தில் மாட்டுங்கள் ஐயா, இங்கே என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்!

அரைகுறைத்தச்சன்:

மூடி போட்டேன், மரத் துண்டு போட்டேன், குழாயை 400, 800 என்று தேய்த்தேன். வெள்ளைத் துணி ஏழாவது தடவைதான் வெள்ளையாக வந்தது. பம்ப் அடித்த முதல் இருபது தடவை சுமாராகத்தான் இருந்தது, பிறகு தோல் படிந்துகொண்டது போல, சத்தமே மாறிவிட்டது. 2 பார் வந்தது. 2.2 வரை போனேன், அதற்குமேல் நான்தான் கசிந்தேன். வெளிவழியை மூடிவிட்டு அழுத்தினால் கைப்பிடி ஸ்பிரிங் போல மேலே எழும்புகிறது. குழாயின் அடிப்பக்கம் கை வைக்க முடியாத அளவு சூடாகிறது, அது சரிதானே?

கணக்கப்பிள்ளை:

சரிதான். அந்த அழுத்தத்துக்குக் காற்றை வேகமாக இறுக்கினால், சூடு எங்கும் போகாவிட்டால், காற்று 130 டிகிரியைத் தாண்டும். குழாய் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால் தோல் பிழைக்கிறது. நாற்பது தடவை அடித்ததும் ஒருமுறை மூச்சுவிடுங்கள், குழாயும் விடட்டும்.

அரைகுறைத்தச்சன்:

எட்டு நாள் கழித்து வந்து எழுதுகிறேன். பம்பை மூலையில் சாத்திவைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். இன்று எடுத்து அடித்தால் காற்றே ஏறவில்லை, கைப்பிடி சும்மா மேலும் கீழும் போகிறது. வயிறு கலங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உதடு காய்ந்து உள்பக்கம் சுருண்டிருக்கிறது.

நேர்கோடு:

முதலிலேயே சொன்னேன். சொன்னேனா இல்லையா?

துருப்பிடித்தவன்:

சொன்னீர்கள், சரிதான். அரைகுறை, உதட்டை விரலால் வெளியே நீவிவிட்டு, விளக்கெண்ணெயில் ஒரு மணி நேரம் போட்டு மாட்டுங்கள். இனிமேல் மூடி ஓட்டை வழியாக மாதம் நாலு சொட்டு விட்டால் போதும், பிரிக்கவே வேண்டாம். அது பிடிக்கவில்லை என்றால் நேர்கோட்டின் அடுக்குப் பள்ளம்.

நேர்கோடு:

அடுக்குப் பள்ளத்தில் வெறும் ஓ ரிங்குக்குப் பதில் அதன் மேல் ஒரு டெஃப்லான் பட்டையைச் சுற்றுங்கள். ஒரு மிமீ கனம், முனைகள் இரண்டையும் 45 டிகிரி சாய்வாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று சேருமாறு. ஓ ரிங் ஸ்பிரிங் வேலையைப் பார்க்கும், சுவரைத் தொடுவது டெஃப்லான். நடுத் தகட்டின் விட்டத்தை அந்தப் பட்டைக் கனத்துக்குத் தக்கபடி, இரண்டு பக்கமும் சேர்த்து 2 மிமீ குறைத்துக்கொள்ள வேண்டும். கோணல் குழாயையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், காய்வதும் இல்லை. குழாய் பிளம்பர்கள் சுற்றும் மெல்லிய நாடாவைச் சொல்லவில்லை, அது இரண்டு நாளில் நார்நாராக வந்துவிடும்.

அரைகுறைத்தச்சன்:

எண்ணெயில் போட்டேன், ஒரு மணி நேரம் பொறுக்கவில்லை, முக்கால் மணியில் எடுத்து மாட்டிவிட்டேன். 2 பார். டெஃப்லான் பட்டை அடுத்த மாதம். இப்போது தொட்டிப் பக்கத்துத் திரும்பா வால்வு கசிகிறது, காலையில் பார்த்தால் அரை பார் இறங்கியிருக்கிறது. அதற்குத் தனி இழை போடுகிறேன், அங்கே வாருங்கள்.

அனல்காற்று:

சுற்றுகிறது. கொதிநீர்க் குவளை மேல் வைத்தேன், நிமிடத்துக்கு 140 சுற்று, இருபது நிமிடமாக நிற்கவில்லை.